நெஞ்சு படபடக்கும் வேளையில்

சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். வீட்டில் அவரும் மூன்று பிள்ளைகளும் மாமியும்தான். இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இரவு, பிள்ளைகள் உறங்கிய பின்னர், காரணம் எதுவுமின்றி அவருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியிருக்கிறது. மூச்சு முட்டியது. விரல்கள் விறைத்தன. உடம்பெல்லாம் வியர்த்தது. 'இதோ மௌத்தாகப் போகிறேன்' என்ற பயம் பிடித்துக்கொண்டது. அரை மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அடுத்த நாள் வைத்தியசாலையில் பரிசோதித்து, இருதயத்தில் குறை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகும் நான்கு தடவைகள் அப்படியே வந்திருக்கிறது. இப்போது கடைக்குப் போகவும் பயமாம், இரவில் தனியே படுக்கவும் பயமாம்.

"மாமி இது ஜின்னின் சேட்டை என்கிறார், நூல் கட்டும் ஒருவரிடம் கூட்டிப் போக ஏற்பாடு செய்கிறார். என்னுடைய நானா, ஈமான் குறைந்தால் இப்படித்தான் வரும் என்கிறார். பக்கத்து வீட்டு டீச்சர் யோகா வகுப்புக்கு வரச் சொல்கிறார். நான் யாருடைய பேச்சைக் கேட்பது?" என்று அவர் கேட்கிறார்.

இது ஒரு வீட்டின் கேள்வி அல்ல. வெளியில் சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர். ஆகவே இம்மாதம் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் நானாவின் பேச்சை எடுத்துக்கொள்வோம். பயம் வருவது ஈமான் இல்லாமையின் அடையாளமா? அல்குர்ஆனைத் திறந்து பாருங்கள். கைக்குழந்தையை ஆற்றில் விட்ட மூஸா (அலை) அவர்களின் தாயாருடைய உள்ளம் எப்படி வெறுமையாகிப் போனது என்பதை அல்கஸஸ் அத்தியாயம் சொல்கிறது. அல்லாஹ் அவருடைய உள்ளத்தை உறுதிப்படுத்தியிராவிட்டால் அவர் உண்மையை வெளியிட்டிருப்பார் என்றும் அங்கு சொல்லப்படுகிறது. சூனியக்காரர்கள் கயிறுகளை எறிந்தபோது மூஸா (அலை) அவர்களே தம் மனத்துள் அச்சத்தை உணர்ந்ததாகத் தாஹா அத்தியாயம் கூறுகிறது. இவர்களில் எவரையும் அல்லாஹ் ஈமான் குறைந்தவர் என்று கண்டிக்கவில்லை. ஆறுதல் சொன்னான், வழி காட்டினான். நபி (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் அடிக்கடி அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உண்டு. கவலை முஃமினுக்கு வராத ஒன்றாயிருந்தால் இந்த துஆ எதற்கு?

அப்படியானால் இது என்ன? வைத்தியர்கள் இதனைத் திடீர்ப் பதகளிப்பு என்பார்கள். ஆபத்து நேரும்போது ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் ஓர் ஏற்பாட்டை அல்லாஹ் நம்முள் வைத்திருக்கிறான். சிறுநீரகங்களின் மேலே அமைந்துள்ள சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு விரைகிறது, வியர்க்கிறது. வளர்ப்பு நாயொன்று தாயின் காலடியைக் கேட்டும் குரைப்பதுபோல, சில வேளைகளில் இந்த ஏற்பாடு ஆபத்தில்லாத நேரத்திலும் விழித்துக்கொள்கிறது. அப்போது நாம் மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விடுவதால் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைந்துவிடுகிறது. விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்கு ஏறி, பின்னர் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் மௌத்து வந்துவிட்டது போலத் தோன்றினாலும், பதகளிப்பு மாத்திரம் உயிரைப் பறிப்பதில்லை.

இதைப் பற்றி நம் முன்னோர் அறியாமலிருக்கவில்லை. ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், உடல்களினதும் உள்ளங்களினதும் நலன்களைப் பற்றி ஒரு கிரந்தம் எழுதினார். உடலுக்கு நோய் வருவதுபோல உள்ளத்துக்கும் நோய் வரும், இரண்டுக்கும் மருத்துவம் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அச்சத்தையும் திகிலையும் பற்றி அதில் தனியாகவே பேசுகிறார். அவசரத்துக்கு உதவும் மருந்தை வீட்டில் முன்கூட்டியே வைத்துக்கொள்வதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே ஆறுதலான எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் தரும் அழகான அறிவுரை.

இனி, படபடப்பு வந்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

ஓடாதீர்கள். ஒரு கதிரையில் உட்காருங்கள், பாதங்கள் இரண்டும் நிலத்தில் படட்டும். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கினால் மெதுவாக, மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். வயிறு உயர வேண்டும், தோள் உயரக் கூடாது. பிறகு ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருப்பதே இதிலுள்ள இரகசியம். மூச்சு வெளியேறும்போது இருதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடங்கள் தொடருங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். குளிர்ந்த நீரால் முகம் கழுவுவதும் துடிப்பைத் தணிக்கும். முடிந்தால் எழுந்து வுழூச் செய்துகொள்ளுங்கள். கடதாசிப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய முறையைக் கைவிடுங்கள். வந்திருப்பது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் அது ஆபத்தாக முடியும்.

எண்களுக்குப் பதிலாகத் திக்ர் செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நாவு எந்நேரமும் திக்ரில் நனைந்திருப்பது நல்லதே. ஆனால் இத்தனை மூச்சுக்கு இந்தத் திக்ர் என்று நாமாக ஒரு முறையை உண்டாக்கி, அதை ஸுன்னத் என்று எண்ணிவிடக் கூடாது. மூச்சுப் பயிற்சி மருந்து, திக்ர் இபாதத். மூச்சு சீரானதும் அமர்ந்து திக்ர் செய்யுங்கள், உள்ளம் அதிலே அமைதி காணும்.

இந்தப் பயிற்சியைப் பயம் வரும் நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஐந்து நிமிடம், உறங்கப் போகுமுன் ஐந்து நிமிடம் என்று நாளாந்தம் பழகுங்கள். அல்பல்கீ சொன்ன மருந்துப் பெட்டி இதுதான். தொழுகையின் நடுவே படபடப்பு வந்து நிற்க முடியாமற் போனால் உட்கார்ந்து தொழுது முடிக்க மார்க்கம் அனுமதிக்கிறது. அதற்காகத் தொழுகையைக் கண்டே பயப்பட வேண்டாம்.

அடுத்தது, டீச்சர் அழைக்கும் யோகா வகுப்பு. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டிலேயே அல்பீரூனீ அவர்கள் பதஞ்சலியின் யோக நூலை அறபியில் தந்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் கலை முஸ்லிம் உலகுக்குப் புதிதல்ல. யோகத்தின் மூலத்தில் உடலை வளைக்கும் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் மட்டுமல்ல, தியானமும் ஆன்மிக இலக்கும் சேர்ந்தே இருக்கின்றன. மலேசியாவின் தேசிய பத்வா சபை 2008 நவம்பரில், உடலசைவும் வழிபாட்டு அம்சமும் மந்திரமும் கலந்த யோகாவை ஹராம் என்று அறிவித்தது. இந்தோனேசிய உலமா சபை 2009 ஜனவரியில், மந்திரமும் சடங்கும் உள்ளதைத் தடுத்து, வெறும் உடற்பயிற்சியாகச் செய்வதை அனுமதித்தது. 2017இல் சவூதி அரேபியா அதை ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டது.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது தெளிவானது. கைகால்களை நீட்டி மடக்குவதும் மூச்சைச் சீராக்குவதும் எந்த மதத்துக்கும் சொந்தமானவை அல்ல. மந்திரம் சொல்வது, சூரியனை நோக்கி வணக்கம் செய்வது, உருவத்தின் முன் கைகூப்புவது ஆகியவை நமக்கு ஆகாதவை. பெண்கள் மட்டும் கூடும் இடமாக இருந்து, இவை எதுவும் இல்லையென்றால் உடற்பயிற்சிக்காகப் போவதில் குற்றமில்லை. சந்தேகமாயிருந்தால் டீச்சரிடமே பண்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகையும் ஒரு யோகாதான் என்று சிலர் பேசுவதையும் ஏற்காதீர்கள். தொழுகையால் உடல் பயனடையலாம், ஆனால் நாம் தொழுவது அல்லாஹ்வுக்காகவே.

வகுப்புக்குப் போகாமலும் பயன் பெறலாம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1929இல் ஒரு நூலில் விளக்கிய எளிய முறை ஒன்றுண்டு. பாயில் மல்லாந்து படுத்து, முதலில் பாதங்களை ஐந்து செக்கன்கள் இறுக்கிப் பின் தளர விடுங்கள். அடுத்து கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துங்கள். நாள் முழுதும் அடுப்படியிலும் பிள்ளைகளோடும் இறுகிப்போன உடம்பு அவிழ்வதை நீங்களே உணர்வீர்கள். தினமும் அரை மணித்தியாலம் நடப்பதும் நல்ல மருந்து.

இயற்கை மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசவ வேதனையில் மனமுடைந்து நின்ற மர்யம் (அலை) அவர்களுக்கு, கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலோடு அருந்த நீரோடையும் உண்ணப் பேரீத்தம் பழமும் காட்டப்பட்டன. மனம் தளர்ந்தவருக்கு உணவும் நீரும் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? நம் சகோதரிகளில் பலர், பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு வெறும் வயிற்றில் கடும் சாயத்தில் பிளேன்டீ குடித்தே பகலைக் கழிக்கிறார்கள். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் படபடப்பைத் தூண்டிவிடும். முதல் மருந்து, பிளேன்டீயைக் குறைத்து நேரத்துக்குச் சாப்பிடுவது. மாலைக்குப் பிறகு கொத்தமல்லி அவித்த நீரோ இளஞ்சூட்டுப் பாலோ போதும்.

வீட்டில் மரணம் நேர்ந்து, கூடியிருந்த பெண்கள் கலைந்து சென்ற பின் ஆயிஷா (ரழி) அவர்கள் தல்பீனா சமைக்கச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதம் தந்து கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்ற நபிமொழியை அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். செய்வது இலகு. இரண்டு மேசைக்கரண்டி பார்லி மாவை ஒரு கோப்பை நீரில் கரைத்து, மெல்லிய நெருப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் கிண்டி, பாலும் சிறிது தேனும் சேர்த்தால் தல்பீனா தயார். சீனி வருத்தம் உள்ளவர்கள் தேனைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இயற்கை மருந்து என்பதால் எல்லாமே தீங்கற்றவை என்று நினைக்க வேண்டாம். தூக்கத்துக்கென்று பாலில் சிட்டிகையளவு சாதிக்காய் போடுவது பழைய வழக்கம். ஆனால் ஒரு முழுக் காயை அரைத்துக் குடித்தால் அது நஞ்சாகி, படபடப்பு இன்னும் கூடும். அமுக்கிராக் கிழங்கு பலருக்கு உதவலாம். கர்ப்பிணிகளும் தைரொயிட், ஈரல் நோய் உள்ளவர்களும் அதைத் தொடக் கூடாது. பிறஷருக்கும் சீனிக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கருஞ்சீரகத்தை மருந்தாகத் தொடர்ந்து எடுப்பதாயின் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியின் விருப்பத்துக்கு வருவோம். ஓதிப் பார்க்கக் கூடாது என்று யார் சொன்னது? ஸூரத்துல் பாத்திஹா, ஆயத்துல் குர்ஸீ ஆகியவற்றை ஓதுங்கள். உறங்குமுன் கடைசி மூன்று ஸூராக்களையும் ஓதிக் கைகளில் ஊதி உடம்பில் தடவிக்கொள்வது நபிவழி. இதற்கு இடைத்தரகர் தேவையில்லை, ஐந்து சதமும் செலவில்லை. ஆனால் நூல் கட்டுபவர், கழிப்பு எடுப்பவர், ஜின் ஓட்டுவதாகச் சொல்லி ஒரு பெண்ணைத் தனியறைக்கு அழைப்பவர், அடிப்பவர் ஆகியோரிடம் மருமகளைக் கொண்டுபோய்விடாதீர்கள். பணமும் போகும், மானத்துக்கும் ஆபத்து. உரிய சிகிச்சை கிடைக்க வேண்டிய மாதங்களும் வீணாகும்.

சிகிச்சை பெறலாமா என்று கேட்ட கிராமத்து அறபிகளுக்கு, மருந்து செய்யுங்கள் என்பதே நபி (ஸல்) அவர்களின் பதில். எனவே வைத்தியரிடம் போவது தவக்குலுக்கு மாற்றமானதல்ல. தைரொயிட் மிகைப்பு, இரத்தச் சோகை, சீனி குறைவு ஆகியவையும் இதே படபடப்பைத் தரும் என்பதால் அவற்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் பாரம்போல் வலித்து, அந்த வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், பதகளிப்பு என்று எண்ணிக் காத்திராமல் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்பியூலன்ஸைப் பெறுங்கள். படபடப்பு திரும்பத் திரும்ப வந்தாலோ, வெளியே போகப் பயந்து வீட்டுக்குள் முடங்கினாலோ அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கை நாடுங்கள். பேச்சு முறையிலான சிகிச்சையும் மாத்திரையும் இதற்கு நன்றாகவே உதவுகின்றன. ஆரம்பித்த மாத்திரையை உங்கள் எண்ணப்படி நிறுத்திவிடாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் வீட்டிலிருந்தபடியே பேசலாம். உயிரே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

இறுதியாக, வீட்டிலுள்ளோருக்கு ஒரு வார்த்தை. ஹிறாக் குகையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் உள்ளம் நடுங்க வீடு திரும்பினார்கள். அது வஹியின் கனத்தால் வந்த நடுக்கம், நோயல்ல. நாம் கவனிக்க வேண்டியது அன்னை கதீஜா (ரழி) அவர்கள் நடந்துகொண்ட விதத்தை. போர்த்தச் சொன்னபோது போர்த்திவிட்டார்கள். திடுக்கம் தீரும்வரை பொறுத்திருந்தார்கள். சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்று உறுதி கூறி, உறவைப் பேணுவது, இயலாதவருக்கு உதவுவது, விருந்தினரை உபசரிப்பது என்று அவர்களிடமுள்ள நல்ல குணங்களை எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகு விடயம் அறிந்த ஒருவரிடம், வறகா இப்னு நௌபலிடம், தாமே அழைத்துச் சென்றார்கள்.

பயத்தில் நடுங்கும் ஒருவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. மாமிமாரே, மருமகள் நடுங்கும்போது பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நானாமாரே, ஈமானை அளக்கும் வேலையை அல்லாஹ்விடம் விட்டுவிட்டு, தங்கையைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கடல் கடந்திருக்கும் கணவன்மாரே, காசு அனுப்புவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. தொலைபேசியில் கணக்கு விபரம் கேட்குமுன், "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, பதில் முடியும் வரை பொறுமையோடு கேளுங்கள்.

அல்லாஹுத்தஆலா நம் உள்ளங்களுக்கு அமைதியையும் உடல்களுக்கு ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.