குட்டைத் தூண்டிலின் கணக்கு

ஜனவரி மாத விடியல். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ் ஏரி இறுகிக் கிடக்கிறது. 500 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான தண்ணீர்ப் பரப்பு இப்போது வெள்ளைத் தரை. பனிக்கட்டி தடித்துவிட்ட பகுதிகளில் வண்டிகள் ஓடுகின்றன. கொட்டகைகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு கொட்டகைக்குள், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, தரையில் குடையப்பட்ட 8 இன்ச் துளையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் ஒருவர். கையில் தூண்டில் கோல். நீளம் இரண்டேகால் அடிதான். கோடையில் இதே ஏரியில், இதே மனிதர் 7 அடிக் கோலை வீசியிருப்பார். குளிர்காலத்தில் மட்டும் ஏன் இந்தப் பொம்மை?

காரணம் எளிது. கரையிலும் படகிலும் நீளக் கோலுக்கு முக்கிய வேலை, இரையைத் தொலைவுக்கு வீசுவது. பனிக்கட்டித் துளையில் வீசுவதற்கு எதுவும் இல்லை. மீன் இருப்பது காலுக்கு நேர் கீழே. 7 அடிக் கோலின் நுனி துளைக்கு மேல் நிற்க வேண்டுமானால், ஆள் ஏறக்குறைய 7 அடி தள்ளி உட்கார வேண்டும். அங்கிருந்து நரம்பின் நடுக்கம் கண்ணுக்குத் தெரியாது. மீன் துளை வாய்க்கு வந்து சேர்ந்தால் பிடித்துத் தூக்கக் கையும் எட்டாது.

குளிர்கால மீனின் சுபாவம் இன்னொரு காரணம். தண்ணீர் சுமார் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் மேலே உறைந்த ஏரியின் அடியில் அந்த வெப்பநிலைத் தண்ணீர் தங்குகிறது. மீனின் உடலும் கிட்டத்தட்ட அதே குளிருக்கு இறங்குகிறது. செரிமானம் மந்தம், பசி மந்தம். இரையைத் துரத்தி வந்து வெடுக்கென்று இழுக்கும் கோடைக்கால வேகம் பல மீன்களிடம் இருக்காது. மெல்ல வாய்க்குள் இழுத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும். இந்தச் சிறு சலனத்தைக் காட்டிக் கொடுக்க மெல்லிய நுனியுள்ள, கண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் கோல் வேண்டும்.

ஆக, குட்டையாக இருக்க வேண்டும் என்பது சரி. எவ்வளவு குட்டை? கடைகளில் 18 இன்ச்சிலிருந்து 4 அடி வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, எங்கே உட்காரப் போகிறீர்கள்? சிறிய கூடாரத்துக்குள் இரண்டு பேர் முழங்கால் இடிக்க அமர்ந்திருந்தால் 24 முதல் 28 இன்ச் போதும். அதைவிட நீண்டால், மீன் மாட்டிய நேரத்தில் சட்டென்று தூக்கிய கோல் கூரையில் இடிக்கும். வெட்டவெளியில் நின்றபடி, துளைக்குத் துளை நடந்து மீன் தேடுபவருக்கு 36 இன்ச்சோ அதற்கு மேலோ வேண்டும். இல்லையென்றால் நாள் முழுக்கக் குனிந்ததற்கான கூலியை இரவில் முதுகு கேட்கும். வெளியே இன்னொரு தொல்லையும் உண்டு. நரம்போடு ஏறி வரும் தண்ணீர் கோலின் வளையங்களில் உறைந்து அடைத்துக்கொள்ளும். எனவே வெளியில் பயன்படும் கோலில் வளையங்கள் பெரிதாக இருப்பது நல்லது.

இரண்டாவது, என்ன மீன்? புளூகில், கிராப்பி, பெர்ச் போன்ற சிறிய மீன்களுக்கு இரண்டு, நான்கு பவுண்டு எடை தாங்கும் மெல்லிய நரம்பும் 24 முதல் 28 இன்ச் கோலும் பொருத்தம். மினசோட்டாக்காரர்கள் உயிரை விடும் வால்ஐ மீனுக்கு 28 முதல் 32 இன்ச். பைக், லேக் டிரவுட் போன்ற முரடர்களுக்கு 36 முதல் 42 இன்ச். பெரிய மீன் தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியை வளைந்து வாங்கிக்கொள்ள நீளக் கோலில் இடம் அதிகம். ஆழமும் ஒரு கணக்கு. நைலான் நரம்பு இழுத்தால் நீளும். 60 அடி ஆழத்தில் உள்ள மீனின் வாயில் முள் ஏற வேண்டுமானால், ஒரே வீச்சில் நிறைய நரம்பை மேலே இழுக்க வேண்டும். குட்டைக் கோலுக்கு அந்த வீச்சு கிடையாது.

ஆனால் நீளத்தை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். 28 இன்ச்சில் விறைப்பான கோலும் உண்டு, நாணல் மாதிரி வளையும் கோலும் உண்டு. விறைப்பான கோலில் மெல்லிய நரம்பைக் கட்டினால், முதல் உதறலிலேயே நரம்பு அறுந்து போகலாம்.

ஊருக்கு ஊர் விடையும் மாறுகிறது. ஜப்பானில் ஹிபரா ஏரியின் மேல் கூடாரம் அடித்து வகசாகி என்ற விரல் நீள மீனைப் பிடித்து, மாவில் தோய்த்துப் பொரித்துச் சாப்பிடுகிறார்கள். அதற்கு ஒரு அடிக் கோலே அதிகம். பின்லாந்தில் துளையருகே முக்காலி போட்டு பெர்ச் பிடிப்பவர்களின் கோலும் ஒரு முழத்தைத் தாண்டுவது அபூர்வம்.

மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பனிக்கட்டியின் தடிமன் என்ன? மீன் தப்புவது பெரும்பாலும் கடைசி மூன்று அடியில்தான். துளையின் அடி விளிம்பு கூர்மையானது. மீன் பக்கவாட்டில் பாயும்போது நரம்பு அதில் உரசினால் கதை முடிந்தது. அனுபவசாலிகள் உடனே மண்டியிட்டு, கோலின் நுனியைத் துளைக்குள் இறக்கி, விளிம்புக்கும் கீழே கொண்டுபோய் நரம்பைக் காப்பாற்றுகிறார்கள். பனிக்கட்டி 30 இன்ச் இறுகிய நாளில் 24 இன்ச் கோலால் இதைச் செய்ய முடியாது. உறைநீருக்குள் கையை விட வேண்டியதுதான்.

பனிக்கட்டி மெலிந்திருக்கும்போதும் கோலைத் தீர்மானிப்பது அதுதான். நடந்து போகவே குறைந்தது 4 இன்ச் தெளிந்த, புதிய பனிக்கட்டி வேண்டும் என்கிறது மினசோட்டா இயற்கை வளத்துறை. எந்தப் பனிக்கட்டியும் நூறு சதவீதம் பாதுகாப்பல்ல என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்த நிலையில் வண்டியும் கிடையாது, கொட்டகையும் கிடையாது. சுமையைக் குறைத்து, நடந்து, நின்றபடி பிடிக்க வேண்டும். அப்போது கைக்கு ஏற்றது 3 அடிக் கோல்.

இப்படிப்பட்ட நாட்கள் கூடி வருகின்றன. வட பூகோளத்தின் ஏரிகளையும் ஆறுகளையும் பற்றி 2000இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 1846 முதல் 1995 வரையிலான பதிவுகளை அலசியது. நூறு ஆண்டுக்குச் சராசரியாக 5.8 நாள் தாமதமாக நீர் உறைகிறது, 6.5 நாள் முன்னதாகவே உருகுகிறது என்பது அதன் முடிவு. 2023 டிசம்பர் இறுதியில் மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பனிக்கட்டி பிளந்து மிதக்கத் தொடங்கியதால் நடுவில் சிக்கிக்கொண்டனர். நல்ல வேளையாக அனைவரும் மீட்கப்பட்டனர்.

எனவே புதிதாக இறங்குபவருக்கு ஆலோசனை இதுதான். கூடாரவாசி என்றால் 28 இன்ச், நடமாடி என்றால் 36 இன்ச். இரண்டில் ஒன்றை வாங்கலாம். மினசோட்டாவில் குளிர்காலத்தில் ஒருவர் இரண்டு தூண்டில் போட அனுமதி உண்டு என்பதால், இரண்டையும் வாங்கினாலும் வீணில்லை. ஆனால் கடையில் கோலை அளப்பதற்கு முன் ஏரியில் பனிக்கட்டியை அளந்தாக வேண்டும். கோலின் அளவில் தவறு செய்தால் தப்பிப்பது மீன் மட்டுமே. பனிக்கட்டியின் அளவில் தவறு செய்பவருக்கு, தப்பிக்க இன்னொரு துளை கிடைப்பதில்லை.