வீட்டுக்கு வீடு விஞ்ஞானம்: அதிரும் பெட்டிக்கு இடம் தேடுவோம்



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. பாயும் போர்வையுமாகப் போய் இடம் பிடித்தவர்கள் நம்மில் பலர். இன்று அந்தத் திரையே வீட்டுக்குள் வந்துவிட்டது. சுவரை அடைக்கும் தொலைக்காட்சி, சுற்றிலும் ஐந்து ஒலிபெருக்கிகள், மூலையில் கனத்த கறுப்புப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டிக்குச் சப்வூஃபர் என்று பெயர். நம் பிள்ளைகள் அதைப் ‘பேஸ் பெட்டி’ என்கிறார்கள். இடி, வெடி, உறுமி மேளம் போன்ற தாழ்ந்த ஓசைகளை எழுப்புவது இதுதான்.

இந்தப் பெட்டி வந்த பிறகு பல வீடுகளில் ஒரே புகார். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அப்பாவுக்கு இடியோசை சரியாகக் கேட்பதில்லை. பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மகனுக்கோ காது அடைக்கிறது. அப்பா ஓசையைக் கூட்டுகிறார். உடனே பக்கத்து வீட்டுச் சாமி படம் ஆட்டம் காண்கிறது. “பெட்டி சின்னது, பெரிதாக வாங்குவோம்” என்று கடைக்குக் கிளம்பி, மாதத் தவணைக்குக் கையெழுத்தும் போட்டுவிடுகிறோம். அன்பர்களே, கையெழுத்துப் போடுமுன் இதைச் சற்றுப் படியுங்கள்.

ஓசை ஏன் ஓரிடத்தில் குறைகிறது?

நம் செவிக்கு எட்டும் ஓசை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதாவது ஒரு நொடிக்கு அத்தனை அதிர்வுகள். ஓசை ஒரு நொடியில் சுமார் 1,130 அடி தூரம் ஓடும். ஆகவே 1,000 ஹெர்ட்ஸ் ஓசையின் ஓர் அலை ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதல். 20 ஹெர்ட்ஸ் ஓசையின் ஓர் அலையோ 56 அடி நீளம்! நம் கூடத்தின் நீளம் 20 அடி என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய அலை அதற்குள் எங்கே ஓடும்? சுவரில் மோதித் திரும்பி, தன்மேல் தானே ஏறிக்கொள்ளும்.

ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் நீளத் தட்டை நம் பெரியவர்கள் அறிவார்கள். தட்டின் ஒரு முனையைத் தூக்கி இறக்கினால் பால் அலையும். இரு முனைகளிலும் ஏறி இறங்கும். நடுவில் மட்டம் மாறாது. ஓசையும் அறைக்குள் இப்படித்தான் அலைகிறது. சுவர் ஓரத்தில் ஓங்கி ஒலிக்கும். அறையின் நடுவில் அடங்கிவிடும்.

எந்த ஓசைக்கு இப்படி நேர்கிறது என்பதைக் கணக்கிடலாம். 1,130ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 20 அடி நீளத்துக்கு 28 ஹெர்ட்ஸ். 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ். இரண்டும் சப்வூஃபர் எழுப்பும் ஓசைகளே. அப்பாவின் நாற்காலி நடுக்கூடத்தில் இருந்தால் இந்த ஓசைகள் அவருக்கு எட்டுவது கடினம். பெட்டியின் பலத்தை இரு மடங்காக்கினாலும் ஓசை 3 டெசிபல்தான் கூடும்; அதுவும் சுவர் ஓரத்தில் இருப்பவருக்கே போய்ச் சேரும். பெரிய பெட்டியால் இந்தக் குறை தீராது.

செலவில்லாத முதல் வேலை

ஒரே பெட்டி இருந்தால், அதைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வையுங்கள். தாழ்ந்த ஓசை தொடர்ந்து வரும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். பிறகு சுவர் ஓரமாக முழங்காலிட்டு நகர்ந்து, தரையருகே காதை வைத்துக் கேளுங்கள். சில இடங்களில் ‘கும்’ என்று குமுறும். சில இடங்களில் ஒன்றுமே இராது. எங்கே ஒவ்வோர் அடியும் தெளிவாக, அளவாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள். பெட்டியும் செவியும் இடம் மாறிக்கொண்டாலும் இடையில் ஓசை செல்லும் வழி ஒன்றே என்பதால் இந்தச் சோதனை பலிக்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாற்காலியை நடுவிலிருந்து இரண்டு மூன்று அடி பின்னுக்கு நகர்த்திப் பார்ப்பதும் பலன் தரும்.

பெட்டியை மூலையில் வைத்தால் ஓசை மிகும். ஆனால் அறையின் எல்லா அலைகளும் சேர்ந்து கிளம்பும். நம் செவிக்கு வேண்டியது மிகுதியன்று, சமநிலை.

இரண்டாவது பெட்டி எதற்கு?

ஒரே ஆள் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு ஒரு பெட்டி போதும். குடும்பத்தோடு ஏழெட்டுப் பேர் உட்காரும் வீட்டில் ஒருவருக்குச் சரி செய்தால் மற்றவருக்குக் கெடும். இங்கேதான் இரண்டாவது பெட்டி உதவுகிறது.

அதே பால் தட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையைத் தூக்கினால் பால் அலைகிறது. இரு முனைகளையும் இருவர் ஒரே நேரத்தில் சமமாகத் தூக்கினால்? பால் அலைவதில்லை. அதுபோல, முன்சுவரின் நடுவில் ஒரு பெட்டி, பின்சுவரின் நடுவில் ஒரு பெட்டி வைத்தால், நீளவாக்கில் எழும் முதல் அலை அடங்கும். இரண்டுமே அகலத்தின் நடுவில் இருப்பதால், பக்கவாட்டில் எழும் முதல் அலையும் கிளம்பாது.

அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்ட்டி என்பவர், 2002ஆம் ஆண்டில் ஒலிப் பொறியியல் கழகத்தின் மாநாட்டில் இதுபற்றிய ஆய்வை அளித்தார். செவ்வக அறையில் நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்றாக நான்கு பெட்டிகள் வைப்பது மிக நன்று. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைப்பது ஏறக்குறைய அதே அளவு நன்று. நான்குக்கு மேல் வைத்துப் பெரிய பயனில்லை. அவர் கண்ட முடிவு இதுவே. ஆகவே நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இரண்டு போதும். ஒரு பெரிய பெட்டியின் விலையில் இரண்டு நடுத்தரப் பெட்டிகள் கிடைக்குமானால் இரண்டையே வாங்குங்கள். இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மேலே சொன்ன கணக்கு, நான்கு பக்கமும் சுவர் அடைத்த அறைக்கு உரியது. நம் வரிசை வீடுகளில் கூடம் அப்படியே சமையற்கட்டு வரை திறந்து கிடக்கும். அங்கே கணக்கு சற்று மாறும். காதால் கேட்டுத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

பொருத்தும் முறை

1. ரிசீவரில் சப்வூஃபருக்கு ஒரே துளை இருந்தால், இரண்டாகப் பிரியும் கம்பி வாங்கி இரு பெட்டிகளுக்கும் கொடுக்கலாம்.

2. சிறிய ஒலிபெருக்கிகளிலிருந்து ஓசை பிரியும் எல்லையை ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பெட்டியில் அதே வேலைக்கு உள்ள திருகை முழுவதும் மேலே திருப்பிவிடுங்கள். இல்லையேல் ஒரே வேலையை இருவர் செய்து கெடுப்பார்கள்.

3. ஒவ்வொரு பெட்டியாகத் தனியே ஒலிக்கவிட்டு, இரண்டின் அளவையும் சமமாக்குங்கள். கைத்தொலைபேசியில் உள்ள ஓசைமானி செயலி ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

4. பெட்டியின் பின்னால் 0, 180 என்று ஒரு விசை இருக்கும். ஒருவர் நாற்காலியில் இருக்க, மற்றவர் விசையை மாற்றட்டும். எதில் தாழ்ந்த ஓசை நிறைவாகக் கேட்கிறதோ அதிலேயே விடுங்கள்.

5. இரண்டும் சேர்ந்தால் ஓசை 3 முதல் 6 டெசிபல் வரை கூடும். ஆகவே மொத்த அளவைக் கட்டாயம் குறையுங்கள்.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம். ‘ஊம்’ என்ற இரைச்சல் வந்தால், இரு பெட்டிகளையும் ரிசீவரையும் ஒரே இடத்துச் சுவர்ப் பிளக்கில் சேர்த்துப் பாருங்கள். இரைச்சலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் இணைப்பைக் கழற்றுவோர் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. சோற்றுப் பானை, இஸ்திரிப் பெட்டி ஓடும் நீட்டுக் கம்பியிலும் இவற்றைச் செருகாதீர்கள்.

கண்ணாடிச் சன்னல், கூரைத் தகரம், சுவர்ப் படம் ஆகியவை கிடுகிடுத்தால் அவற்றை இறுக்குங்கள். பெட்டிக்கு அடியில் ரப்பர்த் துண்டு வையுங்கள். பாதிக் குறை அத்துடன் தீரும்.

சுவருக்கு அப்பால்

வகுப்பில் காலையிலேயே கண் சொருகும் பிள்ளைகளைக் கேட்டால், “பக்கத்து வீட்டில் படம் ஓடியது சார்” என்பது அடிக்கடி வரும் பதில். வரிசை வீட்டிலும் மலிவு விலை அடுக்குமாடியிலும் சுவர் இருவருக்கும் பொது. மெல்லிய ஓசையைத் திரைச்சீலை ஓரளவு குறைக்கும்; தாழ்ந்த ஓசையைத் தடுக்காது. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டுவதும் வீண். ஓசையைக் குறைப்பது ஒன்றே வழி.

இரண்டு பெட்டிகளின் பெரிய நன்மையும் இதில்தான் இருக்கிறது. எல்லா நாற்காலிக்கும் ஓசை சமமாக வந்துவிட்டால், அப்பாவுக்காகக் கூட்ட வேண்டிய தேவை இல்லை. முறையாக வைத்த இரண்டு பெட்டிகள், முறையின்றி வைத்த ஒன்றைவிட அமைதியாக வேலை செய்யும். அளவைக் குறைக்காமல் இரண்டையும் முழக்கினாலோ, நாம் பெருக்கியது தொல்லையைத்தான்.

பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். படத்தை ஓடவிட்டு, பக்கத்து வீட்டாரின் அனுமதியோடு அவர்கள் கூடத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே இடி கேட்டால், கேட்காத அளவுக்குத் திருகைக் குறைத்து, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பெட்டிகளை அணைத்துவிடுங்கள். பல ரிசீவர்களில் இரவுக்கென்றே ஓர் அமைப்பும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வு நடக்கும் வாரங்களில் அதற்கு முன்னரே அணைத்தால் ஒரு பிள்ளையின் படிப்புக்கு நீங்கள் செய்த உதவியாகும்.

உழைத்த காசில் வாங்கிய பொருள், மகிழ்ச்சியாகக் கேளுங்கள். முதலில் இடம் தேடுங்கள், பிறகு பெட்டி தேடுங்கள். மீண்டும் சந்திப்போம்.