கேட்காத கடனுக்குத் தண்டமா?

புரசைவாக்கத்தில் பூ விற்கும் அம்மா ஒருவர் பாஸ் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். அவருடைய சேமிப்புக் கணக்கில் இருந்தது ரூ.140. "குறைந்தபட்ச இருப்பு இல்லை" என்று பாங்கி ரூ.500 அபராதம் போட்டுவிட்டது. அதற்கு ஜி.எஸ்.டி. வரி ரூ.90. ஆக மொத்தம் ரூ.590!

கணக்கு மைனஸ் 450-க்குப் போய்விட்டது. மகள் அனுப்பிய ரூ.1,500 வந்து விழுந்ததும், பாங்கி தன் 450-ஐ எடுத்துக்கொண்டது.

"நான் கடனே வாங்கலியே தம்பி, என் பேர்ல எப்படிக் கடன் எழுதுனாங்க?" என்றார். நியாயமான கேள்வி!

கையில் உள்ளதற்கு மேல் எடுப்பதற்கு 'ஓவர் டிராப்ட்' என்று பெயர். சவுகார்பேட்டை வியாபாரிகளுக்கு ஓ.டி. என்றால் நன்றாகப் புரியும். ரூ.1 லட்சம் வரை எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள். அதில் ரூ.20 ஆயிரம் எடுத்து 10 நாளில் கட்டினால், அந்த 20 ஆயிரத்துக்கு அந்த 10 நாள் வட்டிதான். ஜன்தன் கணக்கிலும் தகுதி உள்ளவர்களுக்கு ஓ.டி. உண்டு. 2018-ல் அதன் உச்சவரம்பு ரூ.10 ஆயிரம் ஆனது. இதெல்லாம் கேட்டு வாங்கும் கடன். பூக்கார அம்மா எதையும் கேட்கவில்லையே!

உத்தரவு இருக்கிறது

ரிசர்வ் பாங்கி 2014 நவம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. 2015 ஏப்ரல் 1 முதல் அது அமல். இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்ல வேண்டும். ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்பத்தான் அபராதம். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனசுக்குப் போகவே கூடாது!

மானேஜரிடம் சொன்னோம். "சிஸ்டம் தானா பிடிச்சுடுது சார்" என்றார். சிஸ்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தது யாராம்?

ஸ்டேட் பாங்கி 2020-லேயே சேமிப்புக் கணக்கில் இந்த அபராதத்தைக் கைவிட்டது. கனரா பாங்கி, இந்தியன் பாங்கி 2025-ல் கைவிட்டன. அவை மூழ்கிப்போய்விடவில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஏழையின் 140 ரூபாய் மேல் ஏன் கண்?

மாதத் தவணை கட்டுபவர்கள் உஷார்! தவணை நாளில் பணம் குறைந்தால் பாங்கியும் பிடிக்கும், கடன் கொடுத்த கம்பெனியும் பிடிக்கும். இரட்டை அடி. முதல் நாளே இருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அநியாயமாகப் பிடித்திருந்தால் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் பாங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். காசு செலவில்லை. விவரத்துக்கு 14448 என்ற எண்ணில் கேட்கலாம்.

தகவலே சொல்லாமல் பிடித்ததால், பூக்கார அம்மாவுக்கு ரூ.590-ம் திரும்பி வந்துவிட்டது. பாஸ் புத்தகத்தில் பதியத்தான் முடியவில்லை. மிஷின் ரிப்பேராம்!