மாணவர் என்ற பெயர், தொழிலாளி என்ற மெய்

மும்பையில் தமிழர்கள் நெருங்கி வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய வணிகம் வேரூன்றி வருகிறது. வெளிநாட்டில் ஆங்கிலப் படிப்பு, அதைத் தொடர்ந்து சமையல் கலை, முதியோர் பராமரிப்பு, வாகனப் பழுதுபார்ப்பு போன்ற ஏதேனும் ஒரு தொழிற்படிப்பு, படிக்கும்போதே பகுதிநேர வேலை, முடித்தபின் நிரந்தரக் குடியுரிமை என்று நான்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கும் வணிகம் அது. வாங்குவோர் பெருஞ்செல்வர்களின் பிள்ளைகள் அல்லர். அவர்கள் பெருநிறுவன நிர்வாகப் படிப்புக்குச் செல்கிறார்கள். இந்தப் பொட்டலத்தை வாங்குவோர் தையற்கூடத் தொழிலாளியின், இட்லி வியாபாரியின், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரின் பிள்ளைகள்.

இதனைக் கல்விப் பிரச்சினையாக மட்டும் கண்டு, கல்லூரி நல்லதா, படிப்பு தரமானதா என்று கேட்பதோடு பலரும் நின்றுவிடுகின்றனர். அக்கேள்விகள் தேவையானவையே. ஆனால் மாணவர் விசாவில் செல்லும் இந்த இளைஞர்களை வரவேற்கும் நாடுகள் உண்மையில் எதை வாங்குகின்றன என்பதே முதற்கேள்வி. அவை கட்டணத்தையும் வாங்குகின்றன, உழைப்பையும் வாங்குகின்றன. 'மாணவர்' என்ற பெயர் இரண்டாவது கொள்முதலை மறைக்கும் திரையாகப் பயன்படுகிறது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று. 2000களின் நடுப்பகுதியில் சமையலர், சிகையலங்காரம் ஆகிய தொழில்கள் அந்நாட்டின் குடியேற்றத் தேவைப் பட்டியலில் இடம்பெற்றன. இப்படிப்புகளை முடித்தவர்களுக்கு நிரந்தரக் குடியுரிமை எளிதாயிற்று. உடனே மெல்போர்ன், சிட்னி நகரங்களில் தனியார் தொழிற்கல்லூரிகள் காளான்களாக முளைத்தன. திறன் மதிப்பீடு பெற 900 மணி நேரப் பணி அனுபவம் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. உணவக முதலாளிகளுக்கு அது வரப்பிரசாதமாயிற்று. சான்றுக் கடிதத்துக்காகக் கூலியின்றி உழைக்கும் இளைஞர்கள் வரிசையில் நின்றனர். கடிதமே விலைக்கு விற்கப்பட்டதும் உண்டு.

பின்னர் 2010 பிப்ரவரி 8ஆம் நாள் அப்பட்டியலை ரத்து செய்வதாக ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் சமையலரும் இல்லை, சிகையலங்காரமும் இல்லை. பாதிப் படிப்பில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றனர். கல்லூரிகள் பல மூடப்பட்டன. ஊரில் வாங்கிய கடன் மட்டும் மூடப்படவில்லை.

அதே நாட்டின் அடுத்த பதினைந்து ஆண்டுகளையும் பார்ப்போம். 2015இல் செவன்-இலெவன் சங்கிலிக் கடைகளின் கூலித் திருட்டு அம்பலமாயிற்று. மாணவர்கள் இரு வாரங்களுக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது அன்றைய விசா விதி. கடைக்காரர்கள் அவர்களை 80 மணி நேரம் வேலை வாங்கி, 40 மணி நேரத்துக்கே கணக்குக் காட்டினர். புகார் கொடுத்தால் விதி மீறியவர் என்று விசா ரத்தாகும் என்ற அச்சம் தொழிலாளியின் வாயை அடைத்தது. உழைப்பாளியைக் காப்பதாகச் சொல்லப்பட்ட மணி நேர வரம்பு, முதலாளியின் கையில் சாட்டையாயிற்று. பின்னர் அந்நிறுவனம் 15 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர நேர்ந்தது.

2020 ஏப்ரலில் பெருந்தொற்றுக் காலத்தில், தங்களைத் தாங்களே பராமரித்துக்கொள்ள இயலாத வெளிநாட்டு மாணவர்கள் நாடு திரும்பலாம் என்றார் அன்றைய பிரதமர் ஸ்காட் மாரிசன். அரசின் ஊதிய மானியமும் அவர்களுக்குக் கிட்டவில்லை. 2022 ஜனவரியில் ஆள் பற்றாக்குறை முற்றியபோது அதே மாரிசன், விரைந்து வரும் மாணவர்களுக்கு விசாக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக அழைத்தார். வேலை நேர வரம்பு முழுமையாகத் தளர்த்தப்பட்டது. பற்றாக்குறை தணிந்ததும் 2023 ஜூலை 1 முதல் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் என்று மீண்டும் வரம்பு வந்தது. 710 டாலராக இருந்த விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டாலும் இத்தொகை திரும்பாது.

குழாயைத் திறப்பதும் மூடுவதும் போன்ற இந்த நடவடிக்கைகளில் கல்விக்கு என்ன பங்கு? மூலதனத்துக்கு ஆள் வேண்டும்போது உள்ளிழுக்கவும், வேண்டாதபோது வெளியே தள்ளவும் ஏற்ற சேமப் பட்டாளத்தைப் பற்றி மார்க்ஸ் மூலதனத்தின் முதல் தொகுதியில் விளக்கினார். இன்று அப்பட்டாளத்தின் ஒரு பிரிவு கடல் கடந்து, தன் சொந்தச் செலவில், கல்விக் கட்டணமும் கட்டி வந்து சேர்கிறது. பழைய முதலாளி இப்படியொரு வசதியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டான்.

கனடாவின் கதையும் வேறல்ல. 2022 தொடக்கத்தில் கியூபெக் மாகாணத்தில் மூன்று தனியார் கல்லூரிகள் திடீரென மூடப்பட்டதில் இந்திய மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் பாதிக்கப்பட்டனர். 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு அந்நாடு உச்சவரம்பு விதித்தது. கையிருப்பாகக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையும் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஒரேயடியாக இரட்டிப்பாயிற்று.

இத்தொகைகள் தாராவிக் குடும்பத்துக்கு என்னவாகின்றன என்பதை நோக்குவோம். ஆஸ்திரேலிய விசாவுக்கு 2024 மே முதல் 29,710 டாலர் கையிருப்புக் காட்ட வேண்டும். இது 15 லட்சம் ரூபாய்க்கும் அதிகம். வங்கிகள் பின்பற்றி வந்துள்ள மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் வேண்டுமானால் பிணைச் சொத்து காட்ட வேண்டும். தாராவி வீட்டுக்குப் பட்டா ஏது? மூன்று தலைமுறை வாழ்ந்த வீடானாலும், 2000 ஜனவரி 1 என்ற தேதிக் கோட்டுக்கு இப்பால் நிற்கிறோமா அப்பால் நிற்கிறோமா என்று அதானி குழுமத்தின் மறுசீரமைப்புத் திட்டத்தில் ஆவணங்களைக் காட்டி நிரூபிக்க வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கதவு அடைபடும்போது தாயின் நகையும், திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீக நிலமும், கந்துவட்டியும் அந்த இடத்தை நிரப்புகின்றன.

அரசு உதவித்தொகை கிடைக்காதா? ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், மகாராஷ்டிர அரசின் ராஜர்ஷி சாகு மகாராஜ் உதவித்தொகையும் முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு உரியவை. சான்றிதழ் படிப்புக்குச் செல்லும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அவற்றில் இடமில்லை. மும்பையின் தமிழ்த் தலித் குடும்பங்களுக்கு மற்றொரு தடையும் உண்டு. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அம்மாநிலத்தின் பட்டியல் சாதிச் சலுகைகளைக் கோர முடியாது என்று மகாராஷ்டிரம் தொடர்பான வழக்கிலேயே 1994இல் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தாராவியில் பிறந்து தாராவியிலேயே வளர்ந்தாலும், தந்தையின் பூர்வீகம் பிள்ளையைத் துரத்துகிறது. சாதி மட்டும் ரயிலேறிக் கூடவே வந்தது, சலுகை ஊரிலேயே நின்றுவிட்டது.

கடன் பட்டு, இடைத்தரகர் வழியாக, கடல் கடந்து உழைக்கச் செல்வது தமிழனுக்குப் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் கங்காணிகள் ஆள் பிடித்த வரலாறு நம் நினைவிலிருந்து அகலாதது. தலைக்கு இவ்வளவு என்று கங்காணி காசு பெற்றான், பயணச் செலவு தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறிற்று. இலங்கையில் அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடன் அடைபடாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. 1921இல் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இன்றைய கல்வி முகவரும் சேர்க்கைக்கு இவ்வளவு என்று கல்லூரியிடமிருந்து தரகு பெறுகிறார். மாணவரிடம் 'ஆலோசனை இலவசம்' என்பார். தரகு எங்கே அதிகமோ அந்தக் கல்லூரியே அவருக்குச் சிறந்த கல்லூரியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அன்றைய கங்காணி தோட்டத்திலும் உடனிருந்தான். இன்றைய முகவரின் பொறுப்பு விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது.

இந்த முகவரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லையா? 1983ஆம் ஆண்டின் வெளிநாட்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. அதன்படி வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் பதிவு பெற வேண்டும். அவர் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு, வரி தனி. வளைகுடாவுக்குக் கொத்தனாராகச் செல்பவருக்கு, நடைமுறையில் எத்தனை ஓட்டைகள் இருந்தாலும், தாளிலாவது பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அச்சட்டம் வேலைக்குச் செல்வோரையே குடிபெயர்வோராகக் கொள்கிறது. மாணவர் விசாவில் சென்று உணவகச் சமையலறையில் பாத்திரம் துலக்குபவர் அதன் கண்ணில் தொழிலாளி அல்லர்.

இந்தப் பெயர் மாற்ற வித்தை வெளிநாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டின் 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவும் பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர் என்று கூறுகிறது. ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி செய்த வேலையைப் பழகுநர்களைக் கொண்டு செய்வித்துக்கொள்ளும் முதலாளிகளுக்கு இப்பிரிவே கேடயம். உள்ளூரில் பழகுநர், வெளியூரில் மாணவர். சுரண்டலின் இலக்கணம் ஒன்றே.

அப்படியானால் இளைஞர்கள் போகவே கூடாதா? அவ்வாறு சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் 'ஊரைவிட்டுப் போகாதே' என்று உபதேசிப்பது நகைப்புக்குரியது. அவர்களை ஆசை பிடித்தவர்கள் என்று இகழ்வது அதைவிடத் தவறு. 1887இல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரி இந்நகரில் தோன்றியபோது இங்கு பஞ்சாலைகள் ஓங்கி வளர்ந்துகொண்டிருந்தன. ஆலைகளுக்குத் திறன் பெற்ற கைகள் தேவைப்பட்டன, கல்லூரியும் வந்தது. அக்கல்லூரி இன்றும் மாட்டுங்காவில் நிற்கிறது. 1982 பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மறைந்து, அந்நிலங்களில் வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. கற்ற தொழிலுக்குக் கௌரவமான ஊதியம் தரும் வேலை நகரில் சுருங்கிவிட்ட நிலையில், இளைஞர் வெளியே பார்ப்பது இயல்பே.

வேறு வழி உண்டு என்பதற்கு ஜெர்மனியின் இரட்டைத் தொழிற்பயிற்சி முறை ஓரளவு சான்று. அங்கு பழகுநர் தொழிற்பள்ளியில் படிக்கிறார், பட்டறையில் வேலை செய்கிறார், மாதந்தோறும் ஊதியமும் பெறுகிறார். 2020 முதல் அதற்குச் சட்டப்படியான குறைந்தபட்ச அளவும் உண்டு. தொழிற்சங்கங்களின் கூட்டுப்பேர வலிமையின்றி இது வந்திருக்காது. ஜெர்மன் முதலாளித்துவமும் தன் தேவைக்கே ஆள் சேர்க்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொழில் கற்பவர் கட்டணம் கட்ட வேண்டியவரா, ஊதியம் பெற வேண்டியவரா என்பது இயற்கை விதி அன்று, வர்க்கப் போராட்டத்தின் விளைவு என்பதை அது காட்டுகிறது.

மெல்போர்னிலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. 2008 ஏப்ரலில் இந்திய மாணவரான ஒரு டாக்சி ஓட்டுநர் கத்தியால் குத்தப்பட்டபோது, பெரும்பாலும் இந்திய மாணவர்களான ஓட்டுநர்கள் நகரின் மையச் சாலைச் சந்திப்பை மறித்து அமர்ந்தனர். ஓட்டுநர் இருக்கைக்குப் பாதுகாப்புத் தடுப்பு உள்ளிட்ட கோரிக்கைகளை அரசு ஏற்கச் செய்தனர். அன்று அவர்கள் மாணவர்களாக மனுக் கொடுக்கவில்லை, தொழிலாளர்களாகத் திரண்டனர். தொழிற்சங்கங்களும் புலம்பெயர் உரிமை அமைப்புகளும் தொடர்ந்து குரல் கொடுத்ததன் பின்னரே, சுரண்டலை எதிர்த்துப் புகார் கொடுப்போருக்கு விசாப் பாதுகாப்பு அளிக்கும் ஏற்பாடுகள் 2024 ஜூலையில் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தன.

இதிலிருந்து கட்சி உறுப்பினர்களுக்கான பணிகள் பிறக்கின்றன. முதலாவது கோரிக்கை சட்டம் பற்றியது. மாணவர் விசாவுக்கு ஆள் சேர்க்கும் முகவர்களையும் குடிபெயர்வுச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். கல்லூரியிடம் பெறும் தரகை எழுத்தில் வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பயண முகவர்களுக்கும் விசா ஆலோசகர்களுக்கும் உரிமம் வேண்டும் என்று பஞ்சாப் ஏற்கெனவே சட்டம் இயற்றியுள்ளது. மகாராஷ்டிரமும் அவ்வழியில் செல்ல வேண்டும்.

இரண்டாவது, ஆங்கிலம். தமிழ் உட்பட எட்டு மொழிகளில் மும்பை மாநகராட்சி பள்ளிகளை நடத்துகிறது. தாய்மொழிக் கல்வியைக் காப்பதும், அப்பள்ளிகளிலேயே ஆங்கிலத்தைப் பேசவும் எழுதவும் தரமாகக் கற்பிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பள்ளியில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய மொழியைக் கடன் வாங்கிக் கடல் கடந்து கற்கும் அவலம் அப்போதே குறையும். அரசு ஐ.டி.ஐ.களுக்கு இடமும் கருவிகளும் ஆசிரியர்களும் கேட்டுப் போராடுவதும் இதனோடு இணைந்ததே.

மூன்றாவது, நாளையே தொடங்கக்கூடியது. தாராவியிலும் செம்பூரிலும் கிளைகள் வாரம் ஒரு மாலை உதவி மேசை நடத்தலாம். முகவர் நீட்டும் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் தமிழில் படித்துச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் கல்லூரி 'கிரிகோஸ்' என்னும் அரசுப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அதை இணையத்தில் எவரும் காசின்றிச் சரிபார்க்கலாம். 2025 ஜூலையில் அங்கு மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 24.95 டாலராக உயர்த்தப்பட்டது என்பதையும், மாணவர் விசாவில் உள்ளவருக்கும் அது பொருந்தும் என்பதையும், தொழிற்சங்கத்தில் சேர அவருக்கு உரிமை உண்டு என்பதையும் புறப்படும் முன்பே ஒவ்வொருவரும் அறிய வேண்டும்.

பிள்ளை விமானம் ஏறும் நாளில் வாழ்த்தி வழியனுப்புவது உறவினர் கடமை. அப்பிள்ளையின் பெட்டியில் கூலிச் சட்டமும் சங்கத்தின் முகவரியும் இருக்கும்படி செய்வது கட்சியின் கடமை.