‘யார் சொல்லி வந்தீங்க?’ – ஜோகூர் சிறு வணிகர்கள் கேட்க மறக்கும் கேள்வி

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜோகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், கூலாய் வட்டாரப் புலனக் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். “நல்லா முறுக்கு போட்டுக் கொடுக்கிறவங்க யாரும் தெரியுமா?” பத்து நிமிடத்தில் நான்கைந்து கைப்பேசி எண்கள் வந்து விழும். “இந்த அக்காகிட்ட எடுத்துப் பாருங்க, போன வருஷம் எங்க வீட்டுக்கு அவங்கதான்” என்று ஒருவர் உறுதியும் கொடுப்பார். அந்த அக்காவுக்கு ஐந்து கிலோ ஆர்டர் கிடைக்கும். யார் சொல்லி வந்தது என்று அவர் கேட்கமாட்டார். கேட்டாலும் எழுதி வைக்கமாட்டார். அடுத்த ஆண்டு அதே குழுவில் அதே கேள்வி முதலிலிருந்து தொடங்கும்.

முறுக்கு மட்டுமல்ல. பந்தல் அலங்காரம், மாலை கட்டுவது, கேட்டரிங், பள்ளி வேன், தையல், ஏர்கோன் பழுதுபார்ப்பது, வீட்டுக் குழாய் வேலை என ஜோகூரில் நம்மவர்கள் செய்யும் சிறுதொழில்கள் பெரும்பாலும் விளம்பரத்தால் ஓடவில்லை. ஒருவர் இன்னொருவருக்குக் கைகாட்டி விடுவதால் ஓடுகின்றன. நீல்சன் நிறுவனம் 2021இல் உலகளவில் நடத்திய ஆய்வில், வேறு எந்த விளம்பர வழியையும்விடத் தெரிந்தவர் சொல்வதையே அதிகம் நம்புவதாக 88 விழுக்காட்டினர் கூறினர். தோட்டத்தில் பிறந்தவருக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. யார் வீட்டு நெய் சுத்தம், யார் தைத்தால் ரவிக்கை பொருந்தும், யாரிடம் ஆடு வாங்கலாம் என்பதெல்லாம் லயம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

அந்த லயங்கள்தான் இன்று இல்லை. உணவகங்களும் கடைவீடுகளும் நிறைந்த தாமான் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் தோட்டம் என்பது அங்கே சாப்பிடப் போகும் பல இளைஞர்களுக்குத் தெரியாது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறிப் போனார்கள். யார் எதைச் செய்வார் என்ற அந்தக் கூட்டு அறிவும் சேர்ந்தே சிதறியது. அதன் மிச்சம்தான் நம் புலனக் குழுக்கள். அதிலும் இரண்டு நாள் ‘காலை வணக்கம்’ படங்கள் வந்துவிட்டால், கொடுத்த எண் எங்கேயோ அடியில் புதைந்துவிடும்.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரி 7ஆம் தேதி கையெழுத்தானது. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். ரயில், 2026 இறுதிக்குள் பயணிகளை ஏற்றும் இலக்கோடு கட்டப்பட்டது. ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேரைக் கொண்டு செல்லும் திறன் அதற்கு. புக்கிட் சாகாரிலிருந்து ஜாலான் உங்கு புவான் லிட்டல் இந்தியாவுக்கு நடந்தே வந்துவிடலாம். மேடைகளில் முதலீடு பில்லியன் கணக்கில் பேசப்படுகிறது. அந்தக் கணக்கில் முறுக்கு அக்காவுக்கு இடம் இல்லை. ஆனால் ரயிலில் இறங்கி வரும் ஒருவர், உறவினர் சொன்ன தையல்காரரையோ பூக்கடையையோ தேடுவார். கைப்பேசியில் தேடி அகப்படவில்லை என்றால், அகப்படுகிற வேறொரு கடைக்குப் போய்விடுவார்.

நம்மிடம் பரிந்துரைக்குப் பஞ்சமில்லை. அதைப் பிடித்து வைக்கிற பழக்கம்தான் இல்லை. தோட்டத்து மளிகைக் கடைகளில் இருந்த சின்ன ‘555’ நோட்டுப் புத்தகம் நினைவிருக்கும். யார் எவ்வளவு பாக்கி என்பது அதில் சதம் பிசகாமல் இருக்கும். கடனை எழுதி வைத்தோம், யார் சொல்லி வாடிக்கையாளர் வந்தார் என்பதை எழுதவில்லை. ஒருவர் ஓர் ஆண்டில் ஆறு பேரை அனுப்பியிருப்பார். அது தெரியாமல், அவர் தன் வீட்டு விசேஷத்துக்கு வரும்போது முன்பின் தெரியாதவரைப்போல முழு முன்பணம் கேட்போம்.

இதற்குப் பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். 2018இல் வெளிவந்த ‘வாட்ஸ்அப் பிசினஸ்’ செயலி, அதாவது வணிகப் புலனம், இலவசம். வாடிக்கையாளருக்கு வண்ண அடையாளம் போடலாம். ‘புதியவர்’, ‘பணம் பாக்கி’, ‘பொருள் கொடுத்தாச்சு’ என்பவற்றோடு ‘ஆள் சொல்லி வந்தவர்’ என்று இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கும் கேட்டலாக் வசதியும் அதில் உண்டு. ‘கிலோ எவ்வளவு’ என்று இருபது பேருக்கு இருபது முறை குரல் பதிவு அனுப்பும் வேலை மிச்சம். சொந்த எண்ணிலேயே கடையையும் நடத்தாமல் தனி எண் வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளையின் பள்ளிக் குழுவும் ஆர்டரும் ஒரே இடத்தில் குவிந்தால் ஏதாவது ஒன்று தவறத்தான் செய்யும்.

பலர் அறியாத ஒரு விவரம்: புலனத்தில் பட்டியல் போட்டு ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். “இருநூறு பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் வாங்கலை” என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் ஆர்டரின்போதே “அண்ணே, என் நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க” என்று கேட்டுவிட வேண்டும். சேமித்துச் சொல்கிறவர்தான் நாளைக்கு அதை இன்னொருவருக்கும் அனுப்புவார்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. நம் பரிந்துரை நமக்குள்ளேயே சுற்றுகிறது. ஜோகூர் மக்கள் தொகை நாற்பது லட்சம். அதில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. கோயில் குழு, பழைய மாணவர் குழு, சொந்தக்காரர் குழு என்று அலைந்தால் திரும்பத் திரும்ப அதே முகங்கள்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தியும் புதிய வாய்ப்பும் அதிகம் பழகாதவர்கள் வழியாகத்தான் வருகின்றன என்றார். ஏர்கோன் பார்க்கும் நம் பையனுக்கு, அதே சாலையில் நான்கு வீடு தள்ளி இருக்கும் சீன ஆண்ட்டியும் மலாய் ஆசிரியரும்தான் அந்த அதிகம் பழகாதவர்கள். அவர்கள் நம் கோயில் குழுவில் இல்லை. அவர்கள் கூகள் வரைபடத்தில் தேடுவார்கள்.

கூகள் வரைபடத்தில் கடையைப் பதிவதும் இலவசம்தான். கடை முகப்பு இல்லாமல் வீடு தேடிப் போய் வேலை செய்பவர்கூட, முகவரியை மறைத்து, சேவை செய்யும் வட்டாரத்தை மட்டும் குறிப்பிட்டுப் பதியலாம். பெயரையும் வேலை விவரத்தையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், தமிழும் இருக்கட்டும். வேலை முடிந்து வாடிக்கையாளர் முகத்தில் திருப்தி தெரியும் அந்த நேரத்தில் ஒரு கருத்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். நம்மவர்கள் நன்றாக இருந்தால் நேரில் வாயாரப் புகழ்வார்கள், குறை இருந்தால் மட்டும் இணையத்தில் எழுதுவார்கள். இது நான் பல கடைகளின் பக்கங்களில் பார்த்துச் சலித்தது. ஐந்து நட்சத்திரம் போட்டால் தோசை இலவசம் என்பதெல்லாம் மட்டும் வேண்டாம். கருத்துக்குக் கைம்மாறு கொடுப்பது கூகள் விதிகளுக்கு முரண். அந்தக் கருத்துகள் நீக்கப்படலாம்.

அப்படியானால் ஆள் அனுப்பி வைப்பவருக்கு ஏதாவது கொடுக்கலாமா? ஜெர்மனியில் ஒரு வங்கி, புதிய வாடிக்கையாளரைக் கொண்டு வந்தவருக்கு 25 யூரோ கொடுத்தது. அதன் ஏறத்தாழ பத்தாயிரம் வாடிக்கையாளர்களை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வாளர்கள் 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆள் சொல்லி வந்தவர்கள் மற்றவர்களைவிட வங்கிக்கு 16 விழுக்காடு கூடுதல் மதிப்புள்ளவர்களாக இருந்தார்கள். விட்டுப் போவதும் குறைவாக இருந்தது. வங்கிக்கு அது சரி. நம் சமூகத்துக்கு ஆள் சேர்த்துக் காசு வாங்குவதில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. கங்காணி முறையே ஒரு பரிந்துரை முறைதான். தன் ஊருக்குப் போய், தன் சொந்தபந்தங்களிடம் பேசி, ஆட்களைக் கப்பலேற்றி வந்தவர் கங்காணி. அவர்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இத்தனை சதம் என்று அவருக்குக் கிடைத்தது. ஊர்க்காரர் சொன்ன சொல்லை நம்பி வந்தவர் கடனில் மாட்டினார். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அது நடந்தது.

அதன் பேரப்பிள்ளைகள் இன்றும் உலவுகிறார்கள். ‘மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்குக் கமிஷன்’ என்று வரும் திட்டங்களைச் சொல்கிறேன். கூட்டு பிடிப்பதும் அப்படித்தான் பரவுகிறது. நம் சொல்லான ‘கூட்டு’ மலேசியச் சட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றிருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. “அக்கா சொன்னாங்கன்னு போட்டேன்” என்று பணத்தை இழந்தவர் ஒவ்வொரு தாமானிலும் இருப்பார். பிறகு யார் எதைச் சொன்னாலும் அவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அதற்கும் சேர்த்து விலை கொடுப்பவர் நேர்மையாகத் தொழில் செய்யும் சிறு வணிகர்.

எனவே என் கருத்து, அனுப்பியவருக்குக் காசு வேண்டாம். அடுத்த முறை அவர் ஆர்டரில் அரைக் கிலோ கூடுதலாகப் போடுங்கள். வந்தவருக்கும் சிறிய கழிவு கொடுங்கள். குறைந்தது “நீங்க அனுப்பினவங்க வந்தாங்க, வேலை முடிஞ்சது, ரொம்ப நன்றிங்க” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. செய்கிறவரை யாரும் மறப்பதில்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளரின் எண்ணை அவரைக் கேட்காமல் இன்னொரு வணிகருக்குத் தூக்கிக் கொடுப்பது வேறு விஷயம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 முதல் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மரியாதையும் இல்லை.

சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு வருவோம். 2023 மார்ச் 31 முதல் சிங்கப்பூர் நெட்ஸ், மலேசியாவின் டுயிட்நவ் கியூஆர் இரண்டும் இணைக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து வருபவர் தன் செயலியிலேயே இங்குள்ள கடையின் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தலாம். கடைக்கு வணிகருக்கான குறியீடு இருக்க வேண்டும், சொந்தக் கணக்கின் எண்ணைக் கொடுத்துப் பழகியவர்கள் வங்கியில் கேட்டு மாற்றிக்கொள்வது நல்லது. பணம் வந்ததை உங்கள் கைப்பேசியில் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். வாங்குபவர் காட்டும் ரசீதுப் படத்தை யாரும் திருத்திவிட முடியும். முன்பணம் கேட்கும் புது ஆளின் வங்கிக் கணக்கின் மீது புகார் உண்டா என்று போலீசின் ‘செமாக் மூல்’ தளத்தில் பார்க்கலாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய எண் 997.

பதிவு இல்லாமல் ஓடும் தொழில் ஒரு கட்டத்துக்கு மேல் பரிந்துரையையும் தாங்காது. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர் உங்கள் சாப்பாட்டைத் தன் அலுவலகத்துக்குச் சொல்லி விடுகிறார் என்று வையுங்கள். அங்கே முதலில் கேட்பது பதிவு எண்ணும் பில்லும்தான். எஸ்.எஸ்.எம். பதிவு சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. இணையத்திலேயே செய்யலாம். இ-இன்வாய்ஸ் பயத்தில் பதிவைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளிக்கு உட்பட்டவர்களுக்கு விலக்கு என்று 2025 டிசம்பரில் பிரதமர் அறிவித்தார். கடன் உதவிக்கும் பதிவு பயன்படும். தெக்குன் வழி ‘ஸ்புமி’, இந்தியப் பெண்களுக்காக அமானா இக்தியார் 2024இல் தொடங்கிய 5 கோடி வெள்ளி ‘பெண்’ திட்டம், பேங்க் ராக்யாட்டின் ‘பிரீஃப்-ஐ’ ஆகியவை நம்மவர்களுக்கென்றே இருப்பவை. மனுப் போடும்போது வருமானத்துக்கு ஆதாரம் கேட்டால், எழுதி வைத்த கணக்கும் வங்கியில் ஏறிய டுயிட்நவ் பணமும்தான் பேசும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு ஒரு பந்தல் அலங்காரக்காரரைக் கைகாட்டி விட்டேன். அன்று லாரி பழுதாகி மூன்று மணி நேரம் தாமதம். மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கிறார்கள், மேடையில் பாதிப் பூ இல்லை. எல்லாரும் பார்த்தது அலங்காரக்காரரை அல்ல, என்னை. மறுநாள் நான் திட்டுவதற்காகக் கைப்பேசியை எடுப்பதற்குள் அவரே அழைத்துவிட்டார். “அண்ணே, உங்க பேரைக் கெடுத்துட்டேன். பாதிப் பணம் இப்பவே பொண்ணோட அப்பாவுக்கு அனுப்பிட்டேன். ரசீதை உங்களுக்கும் போட்டிருக்கேன்” என்றார். அதற்குப் பிறகும் இரண்டு கல்யாணத்துக்கு அவர் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன். இப்போது இரண்டு லாரி வைத்திருக்கிறாராம்.