துப்பாக்கி என்னும் ஒற்றைச் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரில் மின்தொடர் வண்டி ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். நண்பர் லயன், முத்து காமிக்ஸில் ஊறி வளர்ந்தவர். நீண்ட குழலுடைய பழைய துப்பாக்கி ஒன்றைக் கண்டதும், "டெக்ஸ் வில்லரின் வின்செஸ்டர்!" என்று கூவிவிட்டார். அதுவோ திரியால் பற்றவைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி.

சிரித்தேன் என்றாலும் அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் சரித்திரக் கதைகளிலும் திரைப்படங்களிலும் எல்லாமே 'துப்பாக்கி'தான். கொஞ்சம் கம்பீரம் வேண்டுமென்றால் 'ரைபிள்'. வாளுக்கும் வேலுக்கும் பத்துப் பெயர் தேடும் நாம், இதில் மட்டும் ஏன் இவ்வளவு அசட்டையாக இருக்கிறோம்?

அடையாளம் காண்பது அப்படியொன்றும் கடினமன்று. விசைக்கு மேலே பாருங்கள். புகையும் திரியைப் பிடிக்கும் வளைந்த கொக்கி இருந்தால் திரித்துப்பாக்கி. கல்லைக் கவ்வும் தாடையும் எதிரே எஃகுத் தகடும் இருந்தால் சிக்கிமுக்கித் துப்பாக்கி. செப்புக் குமிழ் மாட்டும் சிறு முளை இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு. வின்செஸ்டரிலோ விசையைச் சுற்றி ஒரு நெம்புகோல் வளையம் தொங்கும். தோட்டாக் குழாய் குழலுக்கு அடியில் ஓடும். அதிலும் 1860ஆம் ஆண்டு ஹென்றிக்கு முன்பக்கத்தில் மரப்பிடி கிடையாது. 1866 மாதிரிக்குப் பித்தளை நிற உடல். 1873 மாதிரி இரும்பு. காமிக்ஸ் அன்பர்கள் இனி ஓவியரையே சோதிக்கலாம்.

'ரைபிள்' என்ற சொல்லுக்கும் பொருள் உண்டு. குழலின் உட்புறம் திருகு வரிகள் வெட்டியிருந்தால்தான் அந்தப் பெயர். அமெரிக்க எல்லைப்புற வேட்டைக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அதை வைத்திருந்தனர். ஆனால் 1799இல் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்த கும்பினிச் சிப்பாயின் கையில் இருந்தது வரியில்லாக் குழலுள்ள மஸ்கட். மருந்தையும் குண்டையும் வாய்வழியே இட்டுக் கோலால் கெட்டித்துச் சுட வேண்டும். ஒருமுறை சுட்டபின் அடுத்த வேட்டுக்குள் கிடைக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் ஈட்டிக்காரன் பாய முடியும். 1801 போரில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் பாளையக்காரர் படையின் நீண்ட ஈட்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். தொடர்ந்து வெடிக்கும் 'ரைபிளை' அந்தக் காட்சியில் வைத்தால், ஈட்டியோடு ஓடிவந்தவன் முட்டாளாகிவிடுகிறான். அவன் முட்டாளல்லன், கணக்குத் தெரிந்தவன்.

1857க்கும் இது பொருந்தும். கொழுப்புத் தடவிய தோட்டா திடீரென்று எங்கிருந்து வந்தது? 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு வரிக்குழல் துப்பாக்கியோடு வந்தது. அந்தக் குழலுக்குள் குண்டு வழுக்கி இறங்கக் கொழுப்பு தேவைப்பட்டது.

எழும்பூர் ஆயுதத் தொகுப்பில் கணிசமான பகுதி தஞ்சை அரண்மனையிலிருந்து வந்தது. 1855இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசைக் கும்பினி எடுத்துக்கொண்டது, ஆயுதச்சாலையும் கலைந்தது. அத்தொகுப்பை வைத்து ராபர்ட் எல்குட் 2004இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலே எழுதிவிட்டார். சரித்திர நாவல் எழுதப் புகும் நம் நண்பர்கள் அதைப் புரட்டாவிட்டாலும் போகட்டும்; ஒரு நாள் எழும்பூர் போய், விசைக்கு மேலே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு வந்து எழுதலாம்.