எச்சரிக்கை எழுதப் பயிற்சி

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றுக் கரையில் குடியிருந்தவர்களுக்கு அந்த எண்ணால் என்ன பயன்? எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எவ்வளவு உயரம் ஏறும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம் என்பதல்லவா அவர்களுக்குத் தெரிய வேண்டியது! மின்சாரமும் கைபேசியும் நின்றுபோனால் ஒலிபெருக்கி வண்டி எந்தச் சந்து வரை போகும் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் மழை நாளில் கற்க முடியாது. அரசு விழாச் செய்திகளை எழுதிப் பழகிய மக்கள் தொடர்பு அலுவலர்களை, ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் நீர்வளத் துறைப் பொறியாளர்களோடு உட்காரவைத்து, நள்ளிரவு ஒத்திகை நடத்த வேண்டும். மேலிட ஒப்புதலுக்குக் காத்திராமல் எச்சரிக்கை வெளியிடும் அதிகாரத்தையும் அந்த அலுவலர்களுக்கு எழுத்துமூலம் வழங்க வேண்டும்.